எந்தத் துண்டு துப்பாக்கி? அமெரிக்காவின் வீட்டு ரைஃபிள்கள்

அமெரிக்காவில் ஏஆர்-15 வகை ரைஃபிளை வீட்டிலேயே கோத்துக்கொள்பவர்கள் ஏராளம். மேசைமேல் பழைய துண்டொன்றை விரித்து, பாகங்களைப் பரப்பி வைத்து, சில மாலைப்பொழுதுகளில் வேலையை முடித்துவிடுகிறார்கள். கேட்டால் "நானே கட்டினேன்" என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, ராம், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை "நானே செய்தது" என்று நாம் சொல்லிக்கொள்வதைப் போன்றது இது. அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. குழலைத் துளைத்தவர் வேறொருவர். போல்ட்டைக் கடைந்தவர் இன்னொருவர். இவர் தேர்ந்தெடுத்தார், பொருத்தினார், சுட்டுப் பார்த்துச் சரிசெய்தார்.

இந்த "நானே" என்ற சொல்லின் பொருள் என்ன என்பதைப் பற்றித்தான் அமெரிக்கப் பட்டறைகளிலும் நீதிமன்றங்களிலும் பல ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. பாகங்களின் குவியல் எந்தக் கணத்தில் துப்பாக்கி ஆகிறது? அதைச் செய்தவர் யார்? அதற்குப் பொறுப்பு யாருடையது?

பொருளைக் கிட்டப் பார்த்துவிடுவோம். ஏஆர்-15இன் உடல் இரண்டு கூடுகளால் ஆனது. மேற்கூட்டில் குழலும் போல்ட்டும் இருக்கின்றன. கீழ்க்கூட்டில் விசைப் பொறியும் தோட்டாப் பெட்டி நுழையும் வாயும் இருக்கின்றன. இரண்டு பின்களைத் தள்ளினால் கூடுகள் பிரிந்துவிடும். கீழ்க்கூட்டை அங்கே "லோயர்" என்கிறார்கள். வெறும் கூடாக எடுத்தால் கால் கிலோ எடையுள்ள அலுமினியத் துண்டு. அதன் பக்கவாட்டில் சிறிய வரிசை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் துண்டு மட்டுமே துப்பாக்கி. அதை வாங்க உரிமம் பெற்ற கடைக்குப் போய், படிவம் நிரப்பி, பின்புலச் சோதனையில் தேற வேண்டும். குழல், போல்ட், விசை, கட்டை எல்லாவற்றையும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டை வாங்குவதுபோலத் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பிரித்துச் சேர்க்கக்கூடிய துப்பாக்கி வந்தது எப்படி என்பதைப் பார்த்தால், "வீட்டுத் தயாரிப்பு" என்ற பெருமையின் வேர் அரசுப் பட்டறைகளில் இருப்பது தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஜெர்மானிய வழிவந்த கைவினைஞர்கள் நீண்ட குழல் ரைஃபிள்களைச் செய்தார்கள். அமெரிக்கர்களின் நினைவில் தனிமனிதத் துப்பாக்கிக் கலைஞன் என்றால் அவர்கள்தான். அவர்களுமே சுடுபொறிகளைப் பல வேளைகளில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பொருத்தினார்கள். ஆக, வாங்கிய பாகத்தைப் பொருத்துவது அன்றே இருந்த பழக்கம். வேறுபாடு அரத்தில் இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி ராவித்தான் அடுத்ததோடு இணங்கவைக்க முடியும். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் உட்காராது.

அந்த அரத்தை ஓய்வுக்கு அனுப்பிய இடங்களில் முதன்மையானது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. 1820களில் ஜான் ஹால் என்பவர் அங்கிருந்த அரசு ஆயுதப் பட்டறையில், எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும்படி ரைஃபிள்களைச் செய்து காட்டினார். அளவுகோல்களும் அதற்கென்றே வடிவமைத்த இயந்திரங்களும் கைத்திறனின் இடத்தைப் பிடித்தன. இன்று ஒருவர் டெக்சாஸில் ஒரு நிறுவனத்தின் குழலை வாங்கி, ஒஹையோவில் செய்த போல்ட்டோடு சேர்த்து, வீட்டில் உட்கார்ந்து முடுக்குகிறார் என்றால், அந்த வசதிக்கு அடித்தளம் அரசுப் பணத்தில் அன்று போடப்பட்டது. தனிமனிதச் சுதந்திரத்தின் அடையாளமாக இந்த ரைஃபிளைக் காட்டுபவர்கள் இந்த வரலாற்றை அரிதாகவே சொல்கிறார்கள்.

ஏஆர்-15ஐ 1950களின் பிற்பகுதியில் உருவாக்கியது கலிபோர்னியாவின் ஆர்மலைட் நிறுவனம். ஃபேர்சைல்ட் என்ற விமான நிறுவனத்தின் கிளை அது. வடிவமைப்பின் தலைவர் யூஜின் ஸ்டோனர். "ஏஆர்" என்பது ஆர்மலைட் என்ற பெயரைக் குறிப்பது. தாக்குதல் துப்பாக்கி என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. விமானத் துறையின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ரைஃபிளுக்குள் வந்தன. 1959இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. இராணுவத்துக்கு அதன் வடிவமான எம்-16 போனது. 1964இல் பொதுமக்களுக்கு அரைத் தானியங்கி வடிவம் விற்பனைக்கு வந்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும். ஆனால் வெற்றுறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். இதைத்தான் அரைத் தானியங்கி என்கிறோம். ஸ்டோனரின் காப்புரிமை 1977இல் முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் இறங்கின. இவ்வகை ரைஃபிள்கள்மீது 1994இல் வந்த கூட்டாட்சித் தடை 2004இல் காலாவதியானது. அதன்பின் பாகச் சந்தை வெள்ளமாகப் பெருகியது. இந்த வகை ரைஃபிள்கள் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேல் புழங்குவதாகத் துப்பாக்கித் தொழில் அமைப்பே மதிப்பிடுகிறது.

இனி, கட்டுபவர்கள் உயிராய் நினைக்கும் விஷயத்துக்கு வருவோம். ரைஃபிளுக்குச் சுருதி சேர்ப்பது.

மிருதங்கத்தில் வாரை இறுக்குவதுபோல, ரைஃபிளிலும் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று மாறும். இந்தப் பாடத்தை அமெரிக்கா உயிர்களைக் கொடுத்துக் கற்றது. வியட்நாமுக்கு எம்-16 போனபோது, அதன் தோட்டாவில் இருந்த வெடிமருந்து வேறு வகைக்கு மாற்றப்பட்டிருந்தது. ரைஃபிளின் இயக்கமோ, குழலிலிருந்து பிரித்தெடுக்கும் சிறிதளவு வாயுவின் அழுத்தத்தை நம்பியது. மருந்து மாறியதும் அழுத்தத்தின் போக்கு மாறியது. சுடும் வேகம் கூடியது. கரி கூடுதலாகப் படிந்தது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. வெப்ப நாட்டு ஈரத்தில் அது துருப்பிடித்தது. இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்ற எண்ணம் பரவியிருந்ததால் சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு போகவில்லை. சண்டையின் நடுவே வெற்றுறை சிக்கிக்கொண்டு வீரர்கள் மாண்டார்கள். 1967இல் காங்கிரஸின் ஐக்கார்ட் துணைக்குழு விசாரித்து, வெடிமருந்து மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு அறைக்குக் குரோமியம் வந்தது, அதிர்வுதாங்கி மாறியது, கருவிகள் போய்ச் சேர்ந்தன. நிறுவனமும் இராணுவமும் சேர்ந்து செய்த வேலையிலேயே ஒரு மாற்றம் இவ்வளவு தூரம் இழுத்துவிட்டது. வீட்டில் தனியாக ஒரு பாகத்தை மாற்றுபவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

துல்லியத்தின் பெரும்பங்கு குழலுடையது. குழலின் உட்சுவரில் திருகுபோல ஓடும் வரிகள் குண்டைச் சுழலவைக்கின்றன. பம்பரம் சுழலும்வரை நிற்பதுபோல, போதிய சுழற்சி இருக்கும்வரை குண்டு முனை மாறாமல் பறக்கும். ஏஆர்-15இன் தொடக்கக் குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாவதால் குண்டு தடுமாறியது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றினார்கள். 1980களில் நீளமான குண்டு வந்தபோது அது 7 அங்குலமாக இறுகியது. ஆகவே "நல்ல குழல்" என்று தனியாக எதுவும் கிடையாது. எந்தக் குண்டுக்கு நல்ல குழல் என்றுதான் கேட்க வேண்டும். தோட்டா அறையிலும் இதே கதை. பொதுமக்களுக்கான .223 ரெமிங்டன் தோட்டாவும் இராணுவத்தின் 5.56 நேட்டோ தோட்டாவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அறையின் உள்ளளவுகள் ஒன்றல்ல. .223க்கென்று குடைந்த அறையில் இராணுவத் தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இரண்டையும் ஏற்று, துல்லியத்தையும் காக்கும் ஓர் இடைப்பட்ட அறையைப் போட்டியாளர்களுக்காக பில் வைல்ட் என்பவர் வடிவமைத்தார். அவர் பெயரிலேயே அது விற்கிறது.

குழலை அடுத்து, முன்கை பிடிக்கும் உறை. அது குழலைத் தொடாமல் நின்றால் கையின் அழுத்தம் குழலை வளைக்காது. அதற்கடுத்தது விசையின் சீர்மை. பிறகு தோட்டா, எந்தத் தோட்டாவுக்கு இந்தக் குழல் இசைகிறது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் எதைத் துப்பாக்கி என்கிறதோ அந்த லோயருக்குத் துல்லியத்தில் ஏறக்குறைய வேலையே இல்லை. தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவது குழலும் போல்ட்டும்தான். எண் ஓரிடத்தில், உயிர் வேறிடத்தில்.

இந்த வேலையின் உண்மையான பள்ளிக்கூடம் எரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரி. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம் அது. 200, 300, 600 கெஜத் தொலைவுகளில் சுட வேண்டும். 600 கெஜம் என்பது சுமார் 550 மீட்டர். அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 12 அங்குலம், ஏறத்தாழ நம் சாப்பாட்டுத் தட்டின் அகலம். முதலில் கராண்ட் ரைஃபிளும் பிறகு எம்-14உம் அந்தத் திடலை ஆண்டன. எம்-14ஐத் துல்லியமாக்க மரக்கட்டைக்குள் பிசின் வார்த்துப் பாகங்களை அசையாமல் படியவைக்க வேண்டும். தேர்ந்த ஆயுதப் பணியாளரின் கை அதற்குத் தேவை; அந்தப் படிவும் காலப்போக்கில் தேயும். 1990களில் கனமான குண்டுகளும் இறுகிய வரிக் குழல்களும் வந்ததும் ஏஆர் வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நல்ல குழலைத் திருகிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. கைவினைஞரின் கையில் இருந்த திறன், பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு இடம் மாறியது என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் போக முடியவில்லை. மூன்று குண்டுகள் சுட்டு, இலக்குத்தாளில் ஓட்டைகள் நெருங்கி விழுந்ததும், "என் ரைஃபிள் ஓர் அங்குலத் துப்பாக்கி" என்று முடிவு கட்டுவது. நூறு கெஜத்தில் ஓர் அங்குலம் என்பது கோண அளவில் ஒரு கலைக்கு, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கு, மிக அருகில் வரும். அதனால் அது பெருமையின் அளவுகோலாகிவிட்டது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. குண்டுகள் இயல்பான பரவலில் விழுகின்றன என்று கொண்டால், மூன்று குண்டுக் கூட்டத்தின் சராசரி அகலம், அதே ரைஃபிளின் பத்துக் குண்டுக் கூட்டத்தில் 63 விழுக்காடுதான். மூன்றில் ஓர் அங்குலம் காட்டும் ரைஃபிள் பத்தில் 1.6 அங்குலம் காட்டும். ரைஃபிள் மாறவில்லை; அளந்த விதம் மாறியது. இதை அறியாதவர் விசையை மாற்றி மூன்று சுடுகிறார், கூட்டம் சுருங்குகிறது. கைப்பிடியை மாற்றி மூன்று சுடுகிறார், விரிகிறது. தற்செயலைத் துரத்திக்கொண்டே ஆயிரக்கணக்கான டாலரைச் செலவழிக்கிறார். அந்தப் பணத்துக்குத் தோட்டாவும் ஒரு பயிற்சியாளரின் நேரமும் வாங்கியிருந்தால் கூட்டம் உண்மையாகவே சுருங்கியிருக்கும்.

சரிசெய்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரே விசை இழுப்பில் தொடர்ந்து சுடும்படி மாற்றினால் அது இயந்திரத் துப்பாக்கி. 1986க்குப் பின் புதிதாகச் செய்த ஒன்றைப் பொதுமக்கள் வைத்திருப்பதே 10 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எல்லையின் ஓரத்திலேயே நின்று வணிகம் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2017இல் லாஸ் வேகஸில் 60 பேர் உயிரிழந்த படுகொலையில், தோளின் உதைப்பைக் கொண்டே விரைந்து சுடவைக்கும் "பம்ப் ஸ்டாக்" கட்டைகள் பயன்பட்டன. அரசு தடைசெய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், சட்டத்தின் சொற்படி அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று தடையை நீக்கியது. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்த அந்தத் தீர்ப்பு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன ஆறுதலைத் தரும்?

சட்டத்தின் மையக் கேள்வி, நான் முன்பே சொன்ன லோயர்தான். அதிபர் ஜான் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் தபாலில் வாங்கியது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. செய்பவருக்கும் விற்பவருக்கும் உரிமம். ஒவ்வொரு துப்பாக்கியின் கூட்டிலும் வரிசை எண். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர், விற்பதற்கல்லாமல் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டால் கூட்டாட்சிச் சட்டம் உரிமமும் கேட்காது, எண்ணும் கேட்காது. அரமும் லேத்தும் தெரிந்த சிலருக்கான வழி என்று அன்று அதை விட்டுவைத்திருக்கலாம். பின்னாளில் அதன் வழியாக ஒரு தொழிலே நுழைந்தது. முழுமையாகக் குடையாத லோயரை "எண்பது விழுக்காடு" என்று பெயர் வைத்து விற்றார்கள். எண் இல்லை, சோதனை இல்லை. எண்பது விழுக்காடு என்பது சட்டச் சொல்லும் அல்ல. வணிகர்கள் வைத்த பெயர்.

சட்டத்தின் எழுத்தும் பழுதாகவே இருந்தது. பழைய விதி, சுத்தியலையும் போல்ட்டையும் சுடுபொறியையும் தாங்கும் பாகமே கூடு என்றது. ஏஆரில் போல்ட் மேற்கூட்டில் இருக்கிறதே! 2019இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இந்த இலக்கணத்தில் லோயர் அடங்காது என்ற வாதத்தின் பக்கம் சாய்ந்தார். தீர்ப்பு முன்னுதாரணமாகிவிடும் என்று அஞ்சிய அரசுத் தரப்பு அந்த வழக்கை உடன்பாட்டில் முடித்துக்கொண்டது. கோடிக்கணக்கான துப்பாக்கிகளைத் துப்பாக்கி என்று அழைக்கும் அதிகாரமே ஒரு வாக்கியத்தின் நூலிழையில் தொங்கிய நேரம் அது.

எண்ணில்லாத துப்பாக்கிகளைப் "பேய்த் துப்பாக்கி" என்று அங்கே அழைக்கிறார்கள். 2011இல் துப்பாக்கி வாங்க முயன்று கலிபோர்னியா அரசால் மறுக்கப்பட்ட ஓர் இளைஞர், 2013இல் பாகங்களிலிருந்து கோத்த ரைஃபிளால் சாண்டா மோனிகாவில் ஐந்து பேரைக் கொன்றார். 2017இல் ரான்ச்சோ தெஹாமாவில், துப்பாக்கி வைத்திருக்க நீதிமன்றம் தடைவிதித்திருந்த ஒருவர் தானே செய்த அரைத் தானியங்கி ரைஃபிள்களோடு கிளம்பினார். அங்கும் ஐந்து பேர். சட்டம் இல்லை என்று சொன்னவர்களுக்கு வீட்டு மேசை ஆமாம் என்றது. குற்ற இடங்களில் கிடைத்துத் தடம் தேட அனுப்பப்பட்ட பேய்த் துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600; 2021இல் 19,000க்கும் மேல். எண் இல்லாததால் தடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

2022இல் மத்திய ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏடிஎஃப் விதியைத் திருத்தியது. எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய பாகத் தொகுப்புகளான கிட்டுகளும் துப்பாக்கியே. விற்பவருக்கு உரிமம், பொருளுக்கு எண், வாங்குபவருக்குச் சோதனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபர் விசாரணையில், நறுக்கிய வெங்காயமும் முட்டையும் சேர்ந்து மேசைமேல் இருந்தால் அது ஆம்லெட்டா என்று நீதிபதி அலிட்டோ கேட்டார். சமைக்கத் தேவையான அனைத்தையும் ஒரே பெட்டியில் அனுப்பும் நிறுவனத்தின் கிட்டை நீதிபதி பாரெட் எதிர் உதாரணமாக வைத்தார். 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற கணக்கில் விதி நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், துப்பாக்கி உரிமையை மதிப்பவராக அறியப்பட்ட நீதிபதி கோர்சச். ஒரு கைத்துப்பாக்கிக் கிட்டைச் சாதாரணக் கருவிகளால் 21 நிமிடத்தில் சுடத்தக்கதாக்கிவிடலாம் என்பது அவர் முன்னிருந்த சான்று. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் இதைவிடக் கடுமையான சட்டங்களை வைத்திருக்கின்றன.

கட்டுபவர்களின் தரப்பை ஒதுக்கிவிட முடியாது. அரசு ஒரு பதிவேட்டை வைத்து நாளை வீடுதேடி வரும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. குற்றங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற, எண்ணுள்ள துப்பாக்கிகளால்தான் நடக்கின்றன என்பதும் உண்மை. கருவியைத் தன் கையால் அறிந்தவன் அதைக் கவனமாகக் கையாள்வான் என்ற வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நேசிக்கும் எதையும் இந்த விதி பறிக்கவில்லை. குழலைத் தேர்வதும், குண்டைப் பொருத்துவதும், 600 கெஜத்தில் அந்தத் தட்டைத் தொடுவதும் எண்ணுள்ள லோயரை வைத்தே செய்யக்கூடியவை. கேம்ப் பெர்ரியில் அப்படித்தான் நடக்கிறது. எண்ணைப் பொறிப்பதால் ரைஃபிளின் துல்லியம் மயிரிழைகூடக் குறையாது. எண்ணில்லாத கிட்டில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: யார் கைக்குப் போனது என்று தெரியாமல் இருப்பது. "நானே கட்டினேன்" என்று பெருமைப்படுபவருக்கு அது தேவைப்படாது. அத்தகைய கிட்டுகளின் விற்பனையை நிறுத்தியது சரி என்பதே என் முடிவு.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சொல். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். நண்பர் தரும் லோயரும் சட்டப்படி துப்பாக்கிதான். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதும் குற்றம்.